இறுகிய புது மேகசின்: கட்டைவிரலா, லோடரா, நிரப்பி வைப்பதா?

புது காம்பாக்ட் (சிறிய அளவு) பிஸ்டலின் மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கும் கழற்றக்கூடிய பெட்டியில், 10 தோட்டா பிடிக்கும் என்று போட்டிருக்கும். ஏழு எட்டு வரை சுலபமாகப் போகும். அப்புறம் கட்டைவிரல் கெஞ்ச ஆரம்பித்துவிடும். பத்தாவது உள்ளே போவதற்குள் நகக்கண் சிவந்துவிடும்.

இது பெரும்பாலும் உற்பத்திக் குறை அல்ல, சிறிய அளவால் வரும் வினை. 2018-இல் சிக் சாவர் பி365 வந்தபோது, உள்ளங்கைக்குள் அடங்கும் பிஸ்டலில் 10 தோட்டா என்பதே பெரிய பேச்சு. மறு ஆண்டே ஹெல்கேட் என்ற போட்டிப் பிஸ்டல் 11 தோட்டாவோடு வந்தது. இரட்டை வரிசையாக அடுக்கிய தோட்டாக்கள் மேலே வரும்போது ஒற்றையாகக் குறுகும் அமைப்பு இது. குட்டையான பெட்டிக்குள் இத்தனையையும் திணித்தால், தோட்டாக்களை மேலே தள்ளும் ஸ்பிரிங்குக்கு மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். மேகசின் நிறையும்போது அதன் சுருள்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுவிடும். பெரிய பிஸ்டலின் நீண்ட மேகசினில் இந்தப் பாடு கிடையாது.

இதற்கு நான்கு வழி சொல்வார்கள்: வெறும் கையால் நிரப்பிப் பழகுவது, லோடர் (தோட்டா நிரப்ப உதவும் சிறு கருவி) வாங்குவது, டம்மி தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) போட்டுத் திரும்பத் திரும்ப நிரப்பிக் காலி செய்வது, முழுக்க நிரப்பிச் சில நாள் அப்படியே விட்டுவிடுவது. நான் தேர்ந்துகொண்டது லோடரும் நிரப்பி வைப்பதும் சேர்ந்த வழி. இப்போதும் அதையேதான் சொல்வேன்.

கையால் நிரப்புவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வேலை. அதில் வாதமே இல்லை. மேல் தோட்டாவை நேராகக் கீழே அமுக்கப் பார்க்காமல், அடுத்த தோட்டாவின் அடிப்பக்கத்தை அதன் முன்பாதி மேல் வைத்து அழுத்தி, அப்படியே பின்னால் தள்ள வேண்டும். நாலைந்து போட்டதும் மேகசினின் பின்முதுகை உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினால் தோட்டாக்கள் பின்னோக்கிச் சீராக அமரும். ஆனால் பயிற்சி நாளில் பெட்டி பெட்டியாகச் சுடுகிறவருக்கு இது கட்டாது. விரல் வலித்தால் மனிதர் மேகசினைப் பாதிதான் நிரப்புவார், இல்லையென்றால் சீக்கிரமே மூட்டை கட்டிவிடுவார்.

லோடர்களில் பலரும் வைத்திருப்பது அப்லூலா. 9 மி.மீ. முதல் .45 வரையான தோட்டா அளவுகளுக்கு ஒரே கருவி போதும். அதன் மூக்கு மேல் தோட்டாவை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அடுத்ததை உள்ளே விட்டுப் பிடியைத் தளர்த்தினால் அது தானாக அமர்ந்துவிடும். பலத்தைக் கட்டைவிரல் நுனிக்குப் பதில் முழுக் கை கொடுக்கிறது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் மூட்டுவலி உள்ளவருக்கு இது பெரிய நிம்மதி.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: கடைசித் தோட்டா உள்ளே போய்விட்டால் வேலை முடிந்ததா? இல்லை. கேரி பிஸ்டலில் (உடலோடு வைத்துக்கொண்டு போகும் பிஸ்டல்) சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறையில், ஒன்றை ஏற்றிவிட்டு, மேகசினை மறுபடி முழுக்க நிரப்பி, மூடிய ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) கீழ் செருகுவதுதான் பலருடைய வழக்கம். அப்போது ஸ்லைடின் அடிப்பகுதி மேல் தோட்டாவைக் கொஞ்சம் கீழே அழுத்தியாக வேண்டும். ஸ்பிரிங்கில் அந்தக் கொஞ்சத்துக்கும் இடம் இல்லையென்றால் மேகசின் பூட்டிக்கொள்ளாது. பூட்டியது போலத் தோன்றி, பூட்டாமல் நிற்பதுதான் ஆபத்து. சேம்பரில் உள்ள தோட்டா வெடிக்கும், அடுத்தது ஏறாது. அவசர நேரத்தில் கையில் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கிதான் இருக்கும்.

அதனால் நிரப்பி முடித்ததும் மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டராவது இறங்கித் திரும்பி எழ வேண்டும். கல் மாதிரி நின்றால் அந்த மேகசின் இன்னும் பழகவில்லை. செருகிய பிறகும் அடித்தட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளை டம்மி தோட்டாக்களோடு, சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே செய்யுங்கள்.

இந்த இடத்தில்தான் நிரப்பி வைக்கும் வழி எனக்குப் பிடிக்கிறது. புது ஸ்பிரிங் முதல் முழு அழுத்தத்தில் சிறிதளவு நீளம் இழந்து நிலைகொள்ளும். அதன் பிறகு, நல்ல ஸ்பிரிங்கை வெறுமனே அழுத்தி வைத்திருப்பதால் பெரிய சேதம் வராது. அழுத்துவதும் விடுவதும் மாறி மாறி நடப்பதுதான் அதை அதிகம் தேய்க்கிறது. ‘நிரப்பி வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும்’ என்ற பழைய பயத்துக்கு நான் இடம் கொடுப்பதில்லை. லோடரால் முழுக்க நிரப்பி, பூட்டிய பெட்டியில் ஒரு வாரம் போல வைத்துவிட்டு எடுத்தால், கடைசித் தோட்டாவின் முரண்டு குறைந்திருக்கும். மேல் தோட்டாவும் லேசாக இறங்கும். உதடு போல உள்ளே மடிந்த விளிம்புகள் பிளாஸ்டிக்கால் ஆன மேகசின்களில் மட்டும் இதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. நான் வைத்திருப்பவை எல்லாம் எஃகு.

டம்மி தோட்டா போட்டுத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதும் பலன் தரும், அதுவும் சீக்கிரமாக. ஆனால் ஸ்பிரிங்கின் ஆயுளைச் செலவழித்து நேரத்தை மிச்சப்படுத்துவது ஏன் என்று எனக்குத் தோன்றும். சுருளை வெட்டுவது, உள்ளே எண்ணெய் விடுவது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், செய்யாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் கடைசித் தோட்டாக்களை நேரத்துக்கு மேலே தள்ளாது. எண்ணெய் தூசியைச் சேர்க்கும், தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமருக்கும் ஆகாது.

இன்னொரு தரப்பு இருக்கிறது: ஒன்று குறைத்து நிரப்பினால் போதும் என்பவர்கள். புது மேகசினுக்கு இது நல்ல ஏற்பாடு. பழகும் வரை நானும் அப்படியே கேரி செய்கிறேன். பழகிய பிறகும் இறுக்கம் விடாத மேகசின் உண்டு. அதை நிரந்தரமாக ஒன்று குறைத்தே வைத்திருக்கிறேன், அடித்தட்டில் பெயிண்ட் புள்ளி அடையாளத்தோடு. காலி ஆனதும் ஸ்லைடு பின்னால் நிற்காமல் மூடிக்கொள்ள ஆரம்பித்தால் அப்போது ஸ்பிரிங்கை மாற்றுவேன்.