கோட்டை வாசலில் இருந்து கங்கை முகம் வரை: திருகோணமலையில் ஒரு நாள் சுற்றுலா

கனடாவில் இருந்து வந்த அக்கா குடும்பத்துக்காகத்தான் இந்தச் சுற்றுலாவை ஒழுங்கு செய்தேன். காலையில் பிரட்றிக் கோட்டை, பின்னேரம் மூதூர்ப் பக்கம் மகாவலி கங்கை, வான் வண்டியும் வள்ளமும் ஒரே ஆளின் பொறுப்பு. திருமலையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதில் புதிதாக என்ன இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

கோட்டை வாசலிலேயே அந்த எண்ணம் போய்விட்டது. வழிகாட்டி அண்ணா எல்லோரையும் இறக்கி, வாசல் கல்லில் இருக்கும் இரட்டைக் கயல்களைக் காட்டினார். கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்கு எத்தனை வெள்ளிக்கிழமை இந்த வழியால் போயிருப்பேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள், குளக்கோட்டன் மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தப் பாட்டின் மிச்சம். 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்ததும் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டியதும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கேட்டபோது நெஞ்சு கனத்துவிட்டது. அக்காவின் மகள் அங்கேயே குந்தியிருந்து இரண்டு மீனையும் கொப்பியில் கீறினாள், அவள் முடிக்கும் வரைக்கும் அண்ணா அவசரப்படுத்தவே இல்லை. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் கதையைச் சுருக்கமாக முடித்தார், அது சரி. மான்களுக்கு பிஸ்கட் கொடுக்கப்போன சின்னவனை மட்டும் தடுத்து, பொலித்தீனைத் தின்று அவை படும் பாட்டைச் சொன்னார்.

அப்புறம் கிண்ணியாப் பாலம். 2009இல் அது திறக்கும் வரை பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்கவேண்டும், அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. மூதூரில் ஒரு வீட்டில் சாப்பாடு, இறால் குழம்பு அருமை. 1660இல் ஆங்கிலேயக் கடலோடி றொபேர்ட் நொக்ஸ் மூதூரை ஒட்டிய இந்தக் கொட்டியாரத்தில்தான் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார், தப்பிப் போக 19 வருடம் ஆனது.

335 கிலோமீற்றர் ஓடிவரும் கங்கை கடலில் விழும் இடத்தை நான் இதுவரை வள்ளத்தில் இருந்து பார்த்ததே இல்லை. ஓட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். உப்பு. கண்டல் மரங்களுக்கு நடுவே கொஞ்சத்தூரம் உள்ளே போய் மறுபடி வைத்தால் உப்பு நன்றாகக் குறைந்திருந்தது. நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன, யாருமே பேசவில்லை.

குறை சொன்னால், ஒரு மணித்தியாலம் பிந்தி வெளிக்கிட்டோம், அது கோட்டையில் வெயிலாக வந்து முடிந்தது. அதைவிடப் பெரிய குறை, பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இல்லை, பெரியவர்களுடையதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். முதலை இருக்கும் ஆற்றில் இது சரியில்லை, பொறுப்பானவரிடம் நேரிலும் சொன்னேன், வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முற்பணம் கட்டுமுன் அதைக் கேட்டுவிடுங்கள். மற்றப்படி திருமலை ஆட்களே, நீங்களும் ஒருமுறை போங்கள், மாரி மழைக்கு முன்னர்.