உணவுப் பதிவுச் செயலிகள்: நமக்கு நாமே காது குத்த இவ்வளவு வசதியா?

கலோரி கணக்கிடும் செயலிகளை மதிப்பிடுபவர்கள் உணவுப் பட்டியலின் நீளத்தையும் பார்கோடு வேகத்தையும்தான் பார்க்கிறார்கள். பொய்க்கணக்கு எழுத அந்தச் செயலி எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதையல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்க மாட்டேன் என்கிறது என்றவர்கள், உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும் உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், மறைத்தது தங்களிடமிருந்தே.

செயலியில் இது சின்னச் சின்னதாக நடக்கும். எண்ணெய்க்கு 5 மி.லி. கரண்டியும் இருக்கும், 15 மி.லி. கரண்டியும் இருக்கும். விரல் சிறியதைத் தொடும்; சுமார் 80 கலோரி காணாமல் போகும். 100 கிராம் அரிசியை வேகவைக்காமல் எடைபோட்டு (சுமார் 350 கலோரி), பட்டியலில் 'சாதம், 100 கிராம்' என்று தேர்ந்தெடுத்தால் 130-தான் ஏறும். நின்றபடி வாயில் போட்டது பதிவிலேயே வராது.

இது அறியாமையா, ஏய்ப்பா? கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு வாரம், சாப்பிடும் முன் அளவை ஊகித்துக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். பிறகு 1 கிராம் துல்லியமுள்ள தராசில் காலித் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, உணவை எடைபோட்டு, அசல் எடையைப் பக்கத்திலேயே எழுதுங்கள். வெறும் கைத்தவறு என்றால் கூடவும் இருக்கும், குறையவும் இருக்கும். எல்லாமே குறைந்த பக்கம் சாய்ந்தால், வெறும் தெரியாமை என்று தள்ளிவிடுவது கடினம். இந்த ஒப்பீட்டைச் செயலிகள் தாமாகக் காட்டினால் நன்றாயிருக்கும்.

விடாமல் எத்தனை நாள் பதிந்தீர்கள் என்று செயலி காட்டும் தொடர் நாள் எண்ணிக்கையை முதலில் அணைத்து வையுங்கள். ஒரே ஒரு காபியைப் பதிந்தாலே பல செயலிகளில் தொடர் அறுபடாது. கலோரி வரம்பு தாண்டியதும் திரையில் வரும் சிவப்பு நிறம் அதைவிட மோசம்: அதைப் பார்த்ததும் அன்றைய பதிவையே நிறுத்தத் தோன்றும். வெற்று நாட்களை விட்டுவிட்டு வாரச் சராசரி போடும் செயலியில், மிஞ்சிச் சாப்பிட்ட நாளை எழுதாதவருக்குத்தான் அழகான வரைபடம் கிடைக்கும். வாங்கும்முன் இதைச் சோதியுங்கள். முதல் கவளத்துக்கு முன் நேரத்தோடு படம் எடுத்து வைக்கும் வசதி இருந்தால் அதற்காகவே தேர்ந்தெடுக்கலாம்.

உணவுண்ணும் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் இந்தப் பக்கமே போக வேண்டாம். மற்றவர்களுக்கு, தராசோடு சேர்த்தால் 5-க்கு 3. தராசு இல்லாமல் 1.