ரியலிஸ்டிக் கேரக்டர் மாடலிங் கோர்ஸ்னு 75,000 ரூபாய் போச்சு, சேரப்போறவங்க படிச்சுட்டு போங்க

மக்களே, செம கடுப்புல டைப் பண்றேன், தப்பு இருந்தா விட்ருங்க. சென்னைல ஒரு அனிமேஷன் கோச்சிங் சென்டர், பேரு போடல, போட்டா வக்கீல் நோட்டீஸ்னு மிரட்டுவானுங்க. நான் காலேஜ்ல அனிமேஷன்தான் படிக்கிறேன், அங்க கார்ட்டூன் கேரக்டரோட நிறுத்திடுவாங்க, கம்ப்யூட்டர்ல 3டில நிஜ மனுஷ மூஞ்சி செய்யணும்னு ஆசைப்பட்டு இங்க போனேன். 6 மாச கோர்ஸ், 75,000 ரூபாய்.

டெமோ அன்னிக்கு பெரிய மானிட்டர்ல ஒரு தாத்தா தலைய சுத்தி காமிச்சாங்க. பின்னாடி லைட் வச்சதும் காது மடல் செவசெவன்னு தெரியுது, கீழ் இமை ஓரத்துல அந்த ஈரக்கோடு கூட இருக்கு. "நம்ம ஃபேகல்டி ஸ்க்ராட்ச்ல இருந்து பண்ணது தம்பி, கடைசி மாசம் நீங்களும் இதே மாதிரி பண்ணுவீங்க"ன்னு கவுன்சிலர் அக்கா சொன்னாங்க. எங்கப்பா கண்ணாடிய கழட்டி தொடச்சு போட்டுட்டு மறுபடி கிட்ட போய் பாத்தாரு, அவ்ளோதான், அங்கயே டேப்ல கையெழுத்து, ஓடிபி எல்லாம் முடிஞ்சுது. "மாசா மாசம் ஃபீஸ் கட்டற மாதிரிதான் சார்"னாங்க.

கிளாஸ்ல மண்டை ஓடு, தசைன்னு அனாடமில ஆரம்பிப்பாங்கன்னு பாத்தா, இசட்பிரஷ்னு களிமண் மாதிரி 3டில செதுக்கற சாஃப்ட்வேரோட திருட்டு காப்பில ரெடிமேட் தலைய இழுத்து விட்டு, ஸ்கின் ஆல்ஃபாவ, அதாவது தோல் துளைய பதிக்கற அச்ச, மூஞ்சி பூரா ஒரே மாதிரி தேய்க்க சொன்னாரு ஃபேகல்டி. மூக்கு மேல இருக்க துளையும் கன்னத்துல இருக்கறதும் ஒண்ணாவா இருக்கும்? ரீடோபாலஜி, அதாவது மாடலோட வலைய அசைவுக்கு ஏத்த மாதிரி திருப்பி கட்டறத கேட்டா, அத தானா பண்ற இசட்ரீமெஷர் பட்டன அமுக்கிட்டு முடிஞ்சுதுன்னாரு. கண்ணையும் வாயையும் சுத்தி வளையம் வளையமா அந்த வலையோட கோடு, எட்ஜ் லூப்னு சொல்வாங்க, ஓடலனா சிரிக்க வைக்கும்போது உதட்டோரம் கசங்கும், என்னோடது கசங்கவே கசங்கிச்சு, காட்டுனா "அது ரிக்கிங்காரன் பாத்துப்பான்பா"ன்னுட்டாரு, மாடலுக்கு எலும்பு போட்டு அசைய வைக்கறவன சொல்றாரு. அப்புறம் அவரும் வேலைய விட்டு போயிட்டாரு. ஒரு சீனியர் பையன் வந்து யூடியூப் வீடியோவ நிறுத்தி நிறுத்தி ஓட்டுனான், அவனுக்கு சம்பளம் குடுத்தாங்களான்னே தெரியல பாவம்.

அந்த தாத்தா தலையா? 3டி மாடல் விக்கற ஒரு சைட்ல வெலைக்கு கெடக்குது. அதே மச்சம், அதே கழுத்து சுருக்கம்.

ரீஃபண்ட் கேட்டா பிராஞ்ச்ல ஹெட் ஆபீஸ கேளுங்கறான், ஹெட் ஆபீஸ்ல பிராஞ்ச கேளுங்கறான், மெயில் போட்டா டிக்கெட் நம்பர் மட்டும் வருது. நேர்ல போனா மேனேஜர் "ஆர்ட்டுக்கு பொறுமை வேணும் தம்பி"ங்கறாரு. யோவ், 75,000 ரூபாய்யா! இதுல கொடும என்னன்னா அது சென்டருக்கு கட்டற தவணையே இல்ல, அப்பா பேர்ல ஒரு பைனான்ஸ் கம்பெனில போட்ட லோன். அவங்க மொத்த காசையும் அப்பவே சென்டருக்கு குடுத்துட்டாங்க, கிளாஸ் நின்னாலும் இஎம்ஐ நிக்காது, கட்டலனா அப்பாவோட சிபில் ஸ்கோர் காலி.

டிப்ஸ் விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல. டெமோ தலைய நம்பாதீங்க, ஃபேகல்டிய உங்க கண்ணு முன்னாடி ஒரே ஒரு காது செஞ்சு காட்ட சொல்லுங்க. ஓடிபி குடுக்கறதுக்கு முன்னாடி அது லோனான்னு படிச்சு பாருங்க. 3டி சாஃப்ட்வேர்ல பிளெண்டர் ஃப்ரீ, மாயா ஸ்டூடண்ட்டுக்கு ஃப்ரீ, மொதல்ல அதுல கை வச்சு பாருங்க. ஏமாந்தவங்க 1915க்கு அடிங்க, கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், நான் கம்ப்ளைன்ட் போட்டாச்சு. இதே மாதிரி 75,000 கட்டுனவங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ் வாங்க, சேந்து போவோம்.