பழுது நீங்கிய பைனாகுலரும் மங்கலான கடகமும்

பட்டகம் இடம்பெயர்ந்து ஒவ்வொரு விண்மீனையும் இரண்டாகக் காட்டிக்கொண்டிருந்த என் 10×50 பைனாகுலர் பழுது நீங்கித் திரும்பியிருக்கிறது. அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கிய நாள் முதல் என்னைப் படுத்தி வரும் கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது: இரு கண்வில்லைகளையும் தாங்கும் பாலம் ஆடுகிறது. வலப்பக்க ரப்பர் விளிம்பில் கண்ணைச் சற்று அழுத்தினாலே அந்தப் பக்கம் ஒரு மயிரிழை உள்ளே போய், இடப்பக்கம் அதே அளவு வெளியே வந்து, கூராக இருந்த புள்ளிகள் உப்பிவிடுகின்றன.

நிலவையோ சிரியசையோ மட்டும் பார்ப்பவருக்கு இது உறைக்காது. கடகத்தில் அந்தச் சலுகை கிடையாது. பன்னிரண்டு இராசிகளில் மிக மங்கலானது அதுதான். அதன் தலைசிறந்த விண்மீனான பீட்டாவின் பொலிவெண்ணே (எண் கூடக்கூட ஒளி குறையும்) 3.5, வழக்கமாக முதலிடத்துக்கு உரிய ஆல்ஃபா என்ற பெயர் பெற்றதோ 4.3 அளவில் அதற்கும் பின்தங்கி நிற்கிறது. மிதுனத்தின் காஸ்டர், பொல்லக்சுக்கும் சிம்மத்தின் மகத்துக்கும் இடையே வெற்றிடம்போல் கிடக்கும் பகுதியைத்தான் கடகம் என்கிறோம். ஹெர்குலிஸ் பல தலை நாகத்தோடு போராடியபோது அவன் காலைக் கவ்வச் சென்ற நண்டு மிதிபட்டுச் செத்தது என்றும், ஹீரா அதற்கு வானில் இடம் கொடுத்தாள் என்றும் கிரேக்கக் கதை கூறுகிறது. கொடுத்ததுதான் கொடுத்தாள், ஒளியுள்ள விண்மீன் ஒன்றையாவது சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் நம் பூச நட்சத்திரப் பகுதியில் இருக்கும் மெசியர் பட்டியலின் 44-ஆம் விண்மீன் திரளைக் காட்டுவதில் இந்தக் கருவிக்கு நிகரில்லை. ஒன்றரைப் பாகை அகலமுள்ள அந்தக் கூட்டம் முழுவதும், சுற்றிலும் இருள் விளிம்போடு, ஒரே பார்வையில் அடங்குகிறது. பெரிய தொலைநோக்கிகளின் குறுகிய புலத்தில் அது துண்டுதுண்டாகவே அகப்படும். வெறுங்கண்ணுக்கு வெண்புகையாகத் தெரியும் இதில் 40-க்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருப்பதாகக் கலிலியோ 1610-இல் எழுதினார். அருகிலுள்ள காமா, டெல்டா ஆகிய இரு விண்மீன்களும் கழுதைகள், இத்திரள் அவற்றின் தீவனத் தொட்டி என்பது பழைய வழக்கு. தெளிந்த வானில் தொட்டி காணாமல் போனால் புயல் வரும் என்று அன்றைய மாலுமிகளும் உழவர்களும் கணித்தார்கள். மெல்லிய உயர்முகில் முதலில் விழுங்குவது இத்தகைய மங்கலொளியைத்தான் என்பதால் அக்கணிப்பில் நியாயம் உண்டு. என் கருவியிலோ புயல் எதுவும் வேண்டியதில்லை, பாலம் ஆடினாலே தொட்டியில் பாதி மறைந்துவிடும்.

எரிச்சல் உச்சத்தைத் தொடுவது கடகத்தின் அயோட்டா விண்மீனில். மஞ்சள் விண்மீனும் அதிலிருந்து 30 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) தள்ளி நீலத் துணையும் கொண்ட அழகிய இரட்டை அது. முக்காலியில் பொருத்தி, மூச்சடக்கி, கண்ணை விளிம்பில் படாமல் வைத்துக்கொண்டால் துணை பிரிந்து தெரிகிறது. இமை உரசிய மறுகணம் மஞ்சளுக்குள் மூழ்கிவிடுகிறது. ஏறத்தாழ 400 கோடி ஆண்டு வயதுள்ள மெசியர் 67 என்னும் கடகத்தின் இன்னொரு திரள் எப்படியும் புகைத்திட்டுதான் என்பதால் அதனிடம் இந்தக் குறை அவ்வளவாக எடுபடுவதில்லை.

விலை இறங்கியிருக்கிறதே, இதே மாதிரியை வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். வேண்டாம். கண்வில்லையை விரலால் அழுத்திப் பார்த்து, அசையாத பாலமுள்ள ஒன்றையே அவர் எடுக்கட்டும். என்னுடையதை அவருக்கு விற்பதாகவும் இல்லை.