எம்ஜிபியா ஸ்பிட்ஃபயரா? மட்டக்களப்பு உப்புக் காத்துக்கு எது தாங்கும்

ரெண்டுமே 1962ல வந்து 1980ல நிண்ட இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். எம்ஜிபி கல்லடில மச்சான்ட, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் கல்முனைல ஒரு கூட்டாளிட, ரெண்டையும் ஓடிப் பாத்திருக்கன். வாங்கி வச்சிருக்கப் போறவங்களுக்குத்தான் எழுதுறன், படம் எடுத்துப் போட மட்டும் எண்டா எது எண்டாலும் ஒண்டுதான்.

ஓட்டத்துக்கு எம்ஜிபி தான், அதுல பேச்சே இல்ல. 1798 சிசி, 95 குதிரைவலு, மூணாம் கியர்ல கிடந்தே இழுக்கும். பழைய மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ்ல வந்த அதே பி சீரிஸ் குடும்பத்து எஞ்சின், அதால வயசான மெக்கானிக்மார் பொனட்டத் திறந்துட்டு முழிக்க மாட்டாங்க. ஸ்பிட்ஃபயர் ஆரம்பத்துல 1147 சிசி, 63 குதிரைவலு தான், கடைசில வந்த ஸ்பிட்ஃபயர் 1500 தான் 1493 சிசி.

ஆனா இஞ்ச எஞ்சின விட கறள் தான் பெரிய கதை. எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் இல்ல, பொடியே தான் எல்லாத்தையும் தாங்குது, கதவுக்குக் கீழ நீளத்துக்குப் போற தகட்டுப் பெட்டி தான் அதுக்கு முள்ளந்தண்டு, ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் வாவி எண்டு கிடக்கிற கல்லடில நிப்பாட்டி வச்சா அது உள்ளுக்கால தின்னுப்பட்டுப் போகும், வெளில பெயின்ட் பளபளக்கும். துணி சுத்தின காந்தம் ஒண்ட அதுல வச்சுப் பாருங்க, பிடிக்காட்டி அது இரும்பில்ல, ஓட்டைய மறைக்கப் பூசின பட்டி. பிறகு பின்பக்கம் ஜாக் அடிச்சுத் தூக்கிட்டு கதவத் திறந்து மூடுங்க, மூடாட்டி பொடி வளையுது, காசோட வீட்ட போங்க. மச்சான்ட காருக்கு ஒரு கராஜ்ல கறள் தகட்ட வெட்டாம அதுக்கு மேலயே புதுத் தகட வெல்ட் பண்ணி நல்லாக் காசும் எடுத்துட்டாங்க, இப்ப மாரி மழைக்குக் காலடில தண்ணி.

ஸ்பிட்ஃபயரும் கறள் பிடிக்கும் தான், ஆனா அது ட்ரையம்ப்ட ஹெரால்ட் கார்ட வழில வந்தது, சேசிஸ் தனி, போல்ட்டக் கழட்டினா பொடி மேல வந்துரும், தகர வேலைய ஒழுங்காச் செய்யலாம். பொனட்டும் மட்கார்டும் ஒரே துண்டா முன்னுக்குச் சரியும், முன் சில்லுல குந்திக்கொண்டே டெப்பட் (எஞ்சின் வால்வு இடைவெளி) செட் பண்ணலாம். கூட்டாளி அப்பிடித்தான் பிளேன்டியையும் குடிக்கிறான். 1500 எடுக்கிறதெண்டா ஒராள் கிளட்ச மிதிக்க நீங்க முன்னுக்கு நிண்டு எஞ்சின் முன்பக்கம் பெல்ட் ஓடுற கிரேங்க் புல்லியப் பாருங்க, முன்ன பின்ன அசைஞ்சா கிரேங்க் அசையாமப் பிடிக்கிற திரஸ்ட் வோஷர் போயிருக்கு, எஞ்சின் இறக்கிற செலவையும் விலைல கழியுங்க. பழையதுகள்ல வளைவுக்குள்ள சட்டெண்டு எக்ஸிலேட்டர விட்டா பின் சில்லு உள்ளுக்கு மடியும், 1970ல மார்க் 4ல தான் அதச் சரிப்படுத்தினாங்க. நம்மட நேர் ரோட்டுக்குப் பரவால்ல, மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவு ஏறப் போறவங்க யோசிங்க.

நான் எடுக்கிறதெண்டா கடற்கரைப் பக்கத்துக்கு ஸ்பிட்ஃபயர். அம்பாறை டவுன் மாதிரி உள்ளுக்கு இருக்கிறவங்க எம்ஜிபி எடுங்க. எம்ஜிபில சேகரிக்கிறவங்க 1974க்கு முந்தின குரோம் பம்பரத்தான் தேடுவாங்க, பிறகு அமெரிக்கச் சட்டத்துக்காக ரப்பர் பம்பர் போட்டு ஒரு அங்குலமளவு உயத்திட்டாங்க. வளைவுல அது சரியும், ஆனா நம்மட ஸ்பீட் பிரேக்கருக்கு அந்த உயரம் தான் வசதி, விலையும் பேசிக் குறைக்கலாம்.