ஸ்ட்ரெச் ரோல் வாங்குகிறவர்கள் அட்டைக்குழலையும் எடை போட்டுப் பாருங்கள்

புதுச்சேரி சேதராப்பட்டில் பினாயிலைப் பாட்டிலில் அடைத்து, பெட்டிகளைப் பாலெட்டில் (சரக்கு அடுக்கும் மரப்பலகை மேடை) அடுக்கி வெளியூர்களுக்கு அனுப்பும் சிறு தொழிற்கூடம் எங்களுடையது. உள்ளூர் பேக்கிங் பொருள் வியாபாரி ஒருவர் 23 மைக்ரான் தடிமன் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 500 மில்லிமீட்டர் அகலம், 3 கிலோ என்று பில்லிலேயே எழுதி, வழக்கமான விலையைவிடக் குறைத்துக் கொடுத்த ஸ்ட்ரெச் ரோல்களை, அதாவது பாலெட்டில் அடுக்கிய பெட்டிகள் சரியாதபடி இழுத்துச் சுற்றும் பிளாஸ்டிக் ஃபிலிம் சுருள்களைப் பற்றியதே இந்த எச்சரிக்கை.

அந்த ஃபிலிம் சுற்றிய சரக்கு திண்டிவனம் வழியாகச் சென்னை போய்ச் சேர்ந்தபோது, இரண்டு பாலெட்டுகளில் ஃபிலிம் பெட்டி மூலைகளில் கிழிந்து, அடுக்குகள் ஒருபக்கமாகச் சாய்ந்து, மேல்வரிசைப் பெட்டிகள் லாரியின் பக்கப்பலகையில் முட்டி நசுங்கி, கசிந்த பினாயிலில் அட்டையெல்லாம் ஊறிப்போயிருந்தது. வாங்கியவர் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். வியாபாரியோ, “உங்க ஆளுங்களுக்குச் சுத்தத் தெரியல சார்” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பெட்டிகளை மட்டும் சுற்றினால் அடுக்கு முழுவதும் பாலெட்டின்மேல் வழுக்கிவிடும் என்பதால், மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும்படி அடியில் நான்கைந்து சுற்றுப் போட்டு, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடுமாறு மேலே ஏற்றி, உச்சியிலும் சில சுற்றுப் போட்டு முடிப்பதே எங்கள் ஆட்களின் வழக்கம். அன்றும் அப்படித்தான் சுற்றியிருந்தார்கள்.

ஆகவே மிச்சமிருந்த ரோலைச் சோதித்தோம். இந்த வகைப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.92 கிராம், அந்தக் கணக்கின்படி 23 மைக்ரானில் 500 மில்லிமீட்டர் அகல ஃபிலிம் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 105 கிராம் இருக்க வேண்டும். எங்கள் தராசு 70 கிராமைக்கூடத் தொடவில்லை. அதாவது 15 மைக்ரான்தான். நீங்களும் சோதிப்பதானால், 10 மீட்டரை ரோலிலிருந்து உருவும்போது இழுக்காமல் தளர்வாக உருவுங்கள். இழுத்தால் ஃபிலிம் மெலிந்து நல்ல ரோலும் குறைவாகக் காட்டும், வியாபாரிக்கும் அதுவே சாக்காகிவிடும்.

அதைவிடப் பெரிய ஏமாற்று நடுவில் இருந்தது. காலி அட்டைக்குழலைத் தராசில் வைத்தால் 1 கிலோ 100 கிராம்! பிளாஸ்டிக் இரண்டு கிலோகூட இல்லை. கிலோக் கணக்கு போட்டுப் பார்த்தால், மலிவு என்று நாங்கள் நினைத்த ரோல் பழைய ரோலைவிட விலை அதிகம்.

மெல்லிய ஃபிலிம் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆலையிலேயே முன்கூட்டி இழுத்துத் தரப்படும் மெல்லிய ரோல்கள் நியாயமான சரக்குதான், ஆனால் அவற்றை அந்தப் பெயரிலேயே விற்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போது மைக்ரான், அகலம், குழல் நீங்கலான நிகர எடை, குழலின் எடை ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் ரோல் எடுக்காதீர்கள்.

ரோல்களை மட்டும் மாற்றித் தருவதாக இப்போது வியாபாரி சொல்கிறார். நசுங்கிய சரக்கையும் லாரி வாடகையையும் பற்றிப் பேச மறுக்கிறார். பில்லின் நகலையும் எடைபோட்ட படங்களையும் இணைத்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.