டிஷ் திருத்த வந்து 23,500 ரூபாவைக் கொண்டுபோனார்கள், வன்னிச் சனம் கவனம்

இதை இன்றைக்கே எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. கிளிநொச்சியில் ஏ9 வீதிக்கரையில் இருக்கிற ஒரு ரிவி, டிஷ் கடை. பெயரைப் போடவில்லை. அந்தக் கடை எங்கள் அம்மாவிடம் 23,500 ரூபா வாங்கிக்கொண்டு, இறுக்க வேண்டிய நட்டை இறுக்காமலேயே போயிருக்கிறது. அம்மா கச்சான் விற்று எடுத்து வைத்த காசு. டிஷ் சிக்னல் பிடிக்கவில்லை என்று யாரையாவது கூப்பிட நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கூப்பிடுங்கள். என்ன செய்யவேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வீடு விசுவமடுவில். சோளகம் தொடங்கினால் எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரவிரவாக அடித்த காற்று, விடியப் பார்த்தால் ரிவியில் ‘சிக்னல் இல்லை’. நான் வவுனியாவில் வேலை. அம்மா அயலில் நம்பர் வாங்கிக் கடைக்கு எடுத்திருக்கிறார். மோட்டார் சைக்கிளில் ஒரு பெடியன் வந்தான். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, தண்ணி வாங்கிக் குடித்து, “பயப்பிடாதேங்கோ அம்மா, இப்ப சரியாக்கித் தாறன்” என்றானாம். அம்மா அதோடு நம்பிவிட்டார். வீட்டுப் பிள்ளை மாதிரிக் கதைத்தான் என்று இப்பவும் சொல்லிச் சொல்லி வேதனைப்படுகிறார்.

ரிமோட்டை வாங்கி மெனுவுக்குள் போய் இரண்டு கோடுகளைக் காட்டியிருக்கிறான். மேலே ஸ்ட்ரெங்த் 85. கீழே குவாலிட்டி 0. விரலை மேற்கோட்டில் வைத்து, “பாருங்கோ, சிக்னல் நல்லா வருது. டிஷ்ஷில பிழையில்லை. பெட்டி எரிஞ்சு போச்சு, எல்.என்.பி.யும் போச்சு” என்றான். பெட்டி என்றது ரிவியோடு கொழுவுகிற ரிசீவர், எல்.என்.பி. என்றது டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்குகிற துண்டு. பெட்டி 16,000, எல்.என்.பி. 4,500, கூலி 3,000. மொத்தம் 23,500. எல்லாம் மாற்றிய பிறகும் படம் வரவில்லை. “புதுப் பெட்டியெல்லே, கம்பனி திறந்துவிட ஒரு நாள் எடுக்கும்.” அம்மா காசை எண்ணிக் கொடுத்தார். பில்? “கடையில வந்து எடுங்கோ.” பழைய பெட்டியையும் பழைய எல்.என்.பி.யையும் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஒரு நாள் போனது. இன்னொரு நாளும் போனது. நான் கடைக்கு எடுத்தேன். “கம்பனியில சேர்வர் பிரச்சினை.” பிறகு எடுத்தால், “பெடியன் லீவு.” பிறகு, “மழை முகில், அதுதான் பிடிக்கேல்லை.” சோளகக் காலத்தில் வன்னியில் எங்கே ஐயா மழை முகில்? நிலம் வெடித்துக் கிடக்கிறது. டிஷ்ஷுக்கு வருகிற கேயூ பேண்ட் (Ku) அலைவரிசைச் சிக்னலைக் கடும் மழை மறைக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மழை விட்டதும் படம் தானாகத் திரும்பி வரும். நாட்கணக்கில் போயே கிடக்காது. கடைசியில் நேரே போனேன். முதலாளி தலையை நிமிர்த்தாமலே, “அந்தப் பெடியன் எங்கட ஆளில்லை, வெளியாள். அவனோட கதையுங்கோ” என்றார். பழைய பெட்டி? “அதைக் கழிவோட போட்டாச்சு.” என்னோடு கதைத்துக்கொண்டே அடுத்த வாடிக்கையாளருக்கு ரிமோட் விற்கிறார். 23,500 ரூபா அவருக்கு ஒன்றுமே இல்லை.

மாமாவின் மகன் இந்த வேலை பழகியவன். நேற்று அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ரிவியைப் பார்க்கவே இல்லை, நேரே டிஷ் கம்பத்துக்குப் போனான். துருப்பிடித்த கம்பத்தில், டிஷ்ஷைக் கம்பத்தோடு இறுக்கிப் பிடிக்கிற கிளாம்புக்குப் பக்கத்தில், துருவேறாத ஒரு பட்டை பளிச்சென்று தெரிந்தது. கிளாம்ப் முதலில் இருந்த இடம் அது. காற்று டிஷ்ஷைத் திருப்பிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் டிஷ் பார்க்க வேண்டியது 93.5 பாகை கிழக்கில் நிற்கிற ஜிசாட் 15 செய்மதியை. இங்கேயிருந்து அது தென்கிழக்கில், கிட்டத்தட்ட 70 பாகை உயரத்தில். சின்ன டிஷ்ஷானாலும் ஓரிரு பாகை விலகினால் பிடிக்காது. குவாலிட்டி 0 என்றால் செய்மதியைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஸ்ட்ரெங்த் கோடு, கேபிளில் எல்.என்.பி. உயிரோடு இருந்தாலே ஏறி நிற்கும், டிஷ் வெறும் வானத்தைப் பார்த்தாலும் ஏறி நிற்கும். இது அந்தப் பெடியனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் மேற்கோட்டில் விரலை வைத்தான். எல்.என்.பி. செத்திருந்தால் அந்த 85 எங்கேயிருந்து வந்தது? புதுப் பெட்டியிலும் அதே 0 தானே நின்றது.

அந்தப் ‘புது’ எல்.என்.பி.யைக் கழற்றிப் பார்த்தோம். அதன் வாய்ப்பக்கத்து பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெளிறி மாவாக உதிர்கிறது. கேபிள் பூட்டுகிற புரியில் பச்சைக் களிம்பு. யாரோ ஒரு வீட்டில் வருடக்கணக்கில் கிடந்ததை அம்மாவுக்கு 4,500 ரூபாவுக்கு விற்றிருக்கிறார்கள்!

மச்சான் நட்டை இளக்கி டிஷ்ஷை விரலளவு விரலளவாகத் திருப்ப, நான் உள்ளே நின்று குவாலிட்டியைக் கத்தினேன். 0, 0, 18, 40, 62. படம் வந்துவிட்டது. ஒரு ஸ்பானர் வேலை. அதற்கு 23,500 ரூபா.

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன், இப்போது ஆறுதலாக எழுதுகிற நிலையில் நான் இல்லை. குவாலிட்டியைப் பாருங்கள், ஸ்ட்ரெங்த்தை நம்பாதீர்கள். காற்றுக்குப் பிறகு போனதென்றால் முதலில் கிளாம்பையும் கேபிள் முனையையும் பாருங்கள். படம் வராமல் காசு கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் கொடுக்கவே வேண்டாம். கேட்டால் தரவேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் இருக்கிறது. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. நாங்கள் நாளைக்கு எடுக்கிறோம், எழுத்திலும் கொடுக்கிறோம். பழைய பெட்டியை ‘சோதிக்க’ என்று கேட்டால் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.